போர்டு போயிருச்சு

"போர்டு போயிருச்சுக்கா."

2023 ஜூன் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒத்தக்கடையில் ஒரு டைப்பிங் கடையின் தரையில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது இது. கேபினெட் பக்கவாட்டில் திறந்து கிடந்தது. ஃபேன் சுற்றியது, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. போர்டு போய்விட்டதா இல்லையா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன். மறுநாள் காலையில் அது தப்பாக இருக்கலாம் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி தப்புதான் என்று உறுதியானது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் நான் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சாயங்காலத்தை முழுசாகச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக் கடையில், 2002-ல், பென்டியம் 4 ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வேலை பழகினேன். கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சாமானை மாற்றி, மெஷின் எழும்பவில்லை என்றால், கழற்றியதைத் திருப்பி மாட்டிப் பார் என்பார். எழும்பிவிட்டால் புதுச் சாமானில் ஏதோ இருக்கிறது. எழும்பாவிட்டால், "நீ எதையோ கெடுத்திருக்க" என்பார். அந்த 'நீ'யை அழுத்தித்தான் சொல்வார். நான் பழகிய முதல் பாடமே இதுதான். அன்றைக்கு என்னால் செய்ய முடியாமல் போனதும் இதுதான்.

ஒத்தக்கடை டைப்பிங் கடையை நடத்தும் அக்காவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். 2004 ஜூலை 24-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரியில் திறந்தபின், மேலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடைகளும் டைப்பிங் கடைகளும் ஒவ்வொன்றாக வந்தன. கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரைக்கும் உள்ள வழக்குகள் வந்து சேரும் இடம் அது. விடியற்காலை பஸ் பிடித்து வந்த கட்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வக்கீல் குமாஸ்தா கையெழுத்துப் பிரதியோடு நிற்பார். அக்கா தட்டிக்கொண்டிருப்பார். அஃபிடவிட், மனு, வாய்தாவுக்கு மெமோ. கடையில் இரண்டே மெஷின்கள். பெரிய வேலையெல்லாம் ஓடுவது ஒன்றில்தான். அந்த ஒன்றை 2018 நவம்பரில் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். ரைசன் 3 2200ஜி புராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்.

கோடை விடுமுறை முடிந்து கோர்ட்டு திறக்கும் நேரத்தில் அக்கா போன் செய்தார். "தம்பி, சிபியு ரொம்ப இழுக்குது. கட்டுக் கட்டா ஸ்கேன் பண்ணிக் குடுக்கிறாங்க. ஒரு பி.டி.எஃப் தொறக்குறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம்."

இங்கேயே என் முதல் தவறு இருக்கிறது. அந்த மெஷினுக்கு வேண்டியிருந்தது புது புராசஸர் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி., கூட ஒரு ரேம். 5,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் ரைசன் 5 5600-இன் விலை அப்போது இறங்கியிருந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அதை ஒரு மெஷினில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கே ஆசை. கிடைக்கிற லாபமும் அதில் கூட. "புராசஸர் மாத்திருவோம்கா, பறக்கும்" என்றேன். 12,500 ரூபாய், பழைய புராசஸரை 2,000-க்கு நான் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. டவுனிலுள்ள மொத்த வியாபாரக் கடைக்குப் போன் போட்டு, "ஒரு 5600 எடுத்து வைங்க" என்றேன். 5600ஜி என்று ஒன்று தனியாக இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கடைசி எழுத்து இருந்தால் படம் காட்டும் பகுதி புராசஸருக்குள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழையது 2200ஜி என்பதால் அந்த மெஷினில் கார்டே கிடையாது. நான் அந்த எழுத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கவில்லை. இது பெரியது. 2017-லிருந்து பல வருஷம், சாதாரண டெஸ்க்டாப்புக்கான ரைசன் புராசஸர்கள் ஏ.எம்.4 என்ற ஒரே சாக்கெட்டில் வந்துகொண்டிருந்தன. 1331 பின்கள். வருஷா வருஷம் புது புராசஸர் வந்தாலும் போர்டை மாற்றவேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது, மெஷினை எழுப்புவதற்காகப் போர்டிலேயே எழுதிவைத்திருக்கும் நிரலான பயாஸுக்கு அந்தப் புராசஸரைத் தெரிந்திருக்கவேண்டும். பிள்ளை நேரிலேயே வந்து நின்றாலும், ரேஷன் கார்டில் பேர் சேர்க்காதவரை அதன் பங்குக்குச் சாமான் கிடையாது. அதுபோலத்தான் இதுவும். 5000 வரிசை வந்தது 2020 நவம்பரில். அக்காவின் போர்டில் இருந்தது 2018-ல் எழுதிய பயாஸ். அதில் இந்தப் பேர் எப்படி இருக்கும்?

ரைசனைக் கொண்டுவரும் ஏ.எம்.டி. கம்பெனியே இதில் தடுமாறியிருக்கிறது. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்.பி.தான், எல்லாப் புராசஸர்களின் விவரத்துக்கும் அதில் இடமில்லை. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் புராசஸர்கள் பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ஏ.எம்.டி. அறிவித்தது. வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். அதே மாதத்துக்குள் சொன்னதை மாற்றிக்கொண்டது. போர்டு கம்பெனிகள் புதுப் பயாஸ் எழுதிக் கொடுத்தன. அதைப் பென் டிரைவில் இறக்கி, பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் புதியதை மாட்டவேண்டும். வரிசை மாறினால் நடக்காது. பயாஸை ஏற்றுவதற்கே மெஷின் ஓடவேண்டுமே.

இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. 2018 தொடக்கத்தில் 2200ஜி வந்தபோதும் இதே கதைதான் நடந்தது. கடைகளில் அதற்கு முன்பே வந்து இறங்கியிருந்த போர்டுகளுக்கு அதைத் தெரியவில்லை. பயாஸ் ஏற்றிக்கொள்வதற்காகப் பழைய புராசஸர் ஒன்றை ஏ.எம்.டி.யே சில நாளுக்கு இரவல் அனுப்பியது. நாங்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சிம்மக்கல்லில் கடை வைத்திருந்த ஒரு நண்பரிடமிருந்து ரைசன் 3 1200 ஒன்றையும் பழைய கார்டு ஒன்றையும் வாங்கிவந்து ஏற்றினேன். நோய் தெரியும், மருந்தும் தெரியும். ஐந்து வருஷம் கழித்து அதே நோய் வந்தபோது, எந்தப் போர்டில் எந்தப் புராசஸர் ஓடும் என்ற பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்கக்கூடச் சோம்பல்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். புராசஸர் மேலிருந்த கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். நாலரை வருஷத்து மதுரை வெயிலில் இரண்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து காரையாகியிருந்தது. பத்து நிமிஷம் மெஷினை ஓடவிட்டுச் சூடேற்றி, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகி, பிறகு எடுக்கவேண்டும். நான் நேராக இழுத்தேன். சக்கென்று ஒரு சத்தம். கூலரோடு சேர்ந்து புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஓரத்து வரிசையில் ஏழு பின்கள் படுத்துவிட்டன.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு மெஷினில் தட்டிக்கொண்டிருந்தார். நான் அதை ஒரு டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். யாருக்கும் தெரியாது. என்னிடம் விற்றுவிட்ட சாமான்தானே, நஷ்டம் எனக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த நிமிடத்தில் திருப்பி மாட்டிப் பார்க்கும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

புதியதை மாட்டி, பேஸ்ட் வைத்து, கூலரை இறுக்கி, சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. டிஸ்பிளே இல்லை.

எங்கள் தொழிலில் 'நோ டிஸ்பிளே' என்ற இரண்டு வார்த்தை இருபது காரணங்களுக்குப் பொதுப் பேர். புராசஸருக்குத் தனியாக வரும் பவர் ஒயர் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தேன். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து ஒன்றை மட்டும் போட்டேன். மற்ற ஸ்லாட்டில் மாற்றினேன். காயின் பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிஷம் விட்டு, பயாஸ் அமைப்பை அழித்தேன். பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது நாம் எண்ணிக் காசு கொடுக்கும் அந்த ஆறு கோர்கள் இல்லை. அதே சில்லுக்குள் ஒதுங்கியிருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதிதான் முதலில் எழுந்து, பயாஸைப் படித்து, தன் வகைக்கு உரிய நிரல் அதில் இருக்கிறதா என்று தேடும். கிடைத்தால் ரேமைத் தயார் செய்து மற்றவற்றை எழுப்பும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஒரு பீப் சத்தமும் வராது, ஒரு எழுத்தும் வராது. சுற்றுகிற ஃபேனை மட்டும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நண்பருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். டெக்னீஷியன்கள் சேர்ந்த ஒரு வாட்ஸப் குழுவும் எங்களுக்கு உண்டு. "பி450-ல 5600, நோ டிஸ்பிளே" என்று போட்டிருந்தால், பயாஸ் பார்த்தியா என்று ஒரு நிமிஷத்தில் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள மனமில்லை. புதுப்பையன்களுக்கு நான்தான் அந்தக் குழுவில் பதில் சொல்கிறவன்.

மணி ஏழு ஆனது. மறுநாள் காலையில் தாக்கல் செய்யவேண்டிய இரண்டு மனுக்கள் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. குமாஸ்தா ஒருவர் வாசலில் நின்று மூன்றாவது முறையாக மணி பார்த்தார். அக்கா வந்து என் தலைக்கு மேலே நின்றார். அப்போதுதான் சொன்னேன், போர்டு போயிருச்சுக்கா என்று.

ஏன் போர்டு? ரேம் என்று சொன்னால் வேறு ரேம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். புராசஸர் என்றால் நான் கொண்டுவந்த சாமான். போர்டு என்றால் கேள்வி இல்லை. பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் தொழிலில் வழி தெரியாதபோது நாங்கள் போய் ஒளிகிற இடம் அது. பொய் என்று தெரிந்தே பல பேர் அங்கே ஒளிந்ததை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியும் இருக்கிறேன்.

ஆனால் அக்கா கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "நீங்க தொறக்குற வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு தம்பி?"

அதற்கு நான் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருக்கிறேன். "உள்ளுக்குள்ள ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும்கா. புதுசு போட்டதும் தாங்கல. கரண்ட் போய்ட்டு வந்த கையோட யாராச்சும் ஒடனே சுவிட்சு போட்டீங்களா?"

கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். மேலூர்ப் பக்கத்துக் கிராமம். இருபது வயதிருக்கும். காலையில் கடையைத் திறந்து, பெருக்கி, மெஷின்களைப் போட்டுவைப்பது அவள் வேலை. அதற்கு இரண்டு நாள் முன்பு காற்றடித்து, கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்திருந்தது. அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பெண் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. "யு.பி.எஸ். பேட்டரியும் வீக்குத்தான்" என்று நான் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அவளைக் காப்பாற்றச் சொன்னதாக அப்போது நினைத்தேன். இல்லை. என் கதைக்கு அது இன்னொரு முட்டு.

மறுநாள் காலையில் டவுனுக்குப் போய்ப் புதுப் போர்டு வாங்கினேன். 6,800 ரூபாய். மாட்டினேன். ஃபேன் சுற்றியது. டிஸ்பிளே இல்லை. ஆனால் இந்தப் போர்டில் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருந்தன, எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுவதற்கு. புராசஸர் விளக்கு எரிந்து அணைந்தது. ரேம் விளக்கு எரிந்து அணைந்தது. மூன்றாவது, படத்துக்கான விளக்கு, எரிந்தபடி நின்றது. அதைப் பார்த்த நொடியில் அந்த விடுபட்ட 'ஜி' ஞாபகத்துக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பழைய போர்டு சாகவே இல்லையோ?

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இன்னும் பணம் கைமாறவில்லை. புதுப் போர்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அந்தப் பெண் பத்தடி தூரத்தில் இருந்தாள். "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன், போர்டு மேல பழி இல்ல" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் வண்டியை எடுத்துக்கொண்டு என் கடைக்குப் போய், அலமாரியில் கிடந்த ஜி.டி. 710 கார்டு ஒன்றை எடுத்துவந்து மாட்டினேன். படம் வந்தது. "இந்தப் போர்டுக்குக் கார்டு வேணும்கா. பரவால்ல, இது என் கணக்கு" என்றேன். அக்கா நெகிழ்ந்துபோய் டீயும் வடையும் வரவழைத்தார். நான் சாப்பிட்டேன். சின்ன நஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டதால் பெரியது சரியாகிவிட்டது என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்ட மனசைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போர்டு மாறினால் அதோடு முடிவதில்லை. விண்டோஸ் உரிமம் போர்டோடு கட்டப்பட்டது. போர்டு மாறியதும் இது வேறு மெஷின் என்று எடுத்துக்கொண்டு, ஆக்டிவேட் செய் என்று திரையின் மூலையில் ஒரு வரி நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. அக்கா பயன்படுத்திய தமிழ் டைப்பிங் மென்பொருளும் அந்த மெஷினுக்கென்று வாங்கிய குறியீட்டில் ஓடியது. அது நின்றுவிட்டது. திரும்ப வாங்க 1,200 ரூபாய். இரண்டு நாள் வருமானம் போனது தனி. அந்த இரண்டு மனுவையும் ஹார்ட் டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி என் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லென்ஸை வைத்து, அந்த ஏழு பின்களையும் நிமிர்த்தினேன். மைக்ரோடிப் பென்சில் முனையின் குழாயை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மயிரளவு மயிரளவாக. ஒரு பின்னுக்கு ஐந்து நிமிஷம். பிறகு பழைய போர்டில் மாட்டினேன். ஒரே தட்டில் டிஸ்பிளே வந்தது. பயாஸ் பக்கத்தில் 2018 என்று தேதி. பென் டிரைவில் இறக்கி வைத்திருந்ததை, முதலில் இடைப்பட்ட பதிப்பு, அப்புறம் புதியது என்று ஏற்றினேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதோடு அந்தப் போர்டின் பட்டியலில் 5600 வந்து சேர்ந்துவிட்டது. அக்காவுக்கு அந்த 6,800 செலவே இல்லாமல் போயிருக்கும்.

பழைய போர்டை, "குப்பைதான்கா, நானே போட்டுர்றேன்" என்று எடுத்து வந்திருந்தேன். அந்தப் போர்டையும் 2200ஜி-யையும் சேர்த்து, இரண்டு மாதம் கழித்து, திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையனுக்கு 5,500 ரூபாய்க்கு விற்றேன். ஒரு குறையும் இல்லாத சாமான் என்று உத்தரவாதம் கொடுத்தேன். உண்மையைத்தான் சொன்னேன். அது இன்றைக்கும் ஓடுகிறது.

அடுத்த வருஷம் அக்கா கடைக்கு ஒரு பிரிண்டர் பார்க்கப் போனேன். மெஷின் இன்னும் இழுக்கிறது என்றார். எஸ்.எஸ்.டி. போட்டேன், அது தீர்ந்தது. அந்தப் பெண்ணைக் காணோம். கேட்டேன். "அவ நின்னுட்டா தம்பி. சுவிட்சு போட்டுப் போர்டைக் கெடுத்தால்ல, நாலு மாசம் ஐந்நூறு ஐந்நூறா சம்பளத்துல பிடிச்சேன். அதுல ஒரு வருத்தம் போல." அக்கா கொடுமைக்காரர் இல்லை. சின்னக் கடை, அவருக்கும் வாடகை இருக்கிறது. தெரிந்தவன் சொன்னதை நம்பினார். நான் பிரிண்டரின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, ரோலரைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை. 2,000 ரூபாய் அந்த வீட்டில் என்னவாக இருந்திருக்கும் என்று மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் ஓடியது.

2025 தொடக்கத்தில், என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் ஒரு வாடிக்கையாளரின் புராசஸரைக் கழற்றும்போது, அதேபோலக் கூலரோடு பிய்த்துவிட்டான். இரண்டு பின் வளைந்தது. வாடிக்கையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பையன் அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, நான் வளைச்சுட்டேன்" என்றான். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அந்த வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "சரியாகுமா தம்பி?" என்று கேட்டார். ஆகும் என்றேன். பத்து நிமிஷத்தில் ஆனது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரமே ஒத்தக்கடைக்குப் போனேன். கூட்டம் குறையும் மதிய நேரம். அக்கா ஒரு அஃபிடவிட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறவர் சொல்லும் அந்தப் பகுதி. தட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். பின் வளைந்ததிலிருந்து திருமங்கலத்துப் பையன் வரைக்கும், எதையும் விடாமல். போர்டுக்கு 6,800, மென்பொருளுக்கு 1,200, அந்தப் பெண்ணுக்குப் பிடித்த 2,000 என்று பிரித்துப் பிரித்து மடித்து வைத்திருந்த பணத்தை மேசையில் வைத்தேன்.

அக்கா பணத்தைப் பார்க்கவில்லை. "அப்ப அந்தப் புள்ள?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

"நாந்தான தம்பி அவளைப் பேசினேன். ஆள் வச்சிக்கிட்டுப் பேசினேன்." கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தபடி இருந்தார். பிறகு 2,000-ஐ மட்டும் என் பக்கமாகத் தள்ளினார். "இத நான் குடுத்தா, அக்கா மனசு மாறி குடுத்தாங்கன்னு ஆயிரும். அவ நம்பர் தர்றேன். நீங்களே பேசுங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் நான் பேசிக்கிறேன்."

அந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்தேன். அதையும் மறைக்கக் கூடாது.

பிறகு போன் போட்டேன். அந்தப் பெண் மேலூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. யார் பேசுகிறேன் என்று சொன்னதும், "ஆங், தெரியும்ணே" என்றாள். அக்காவிடம் சொன்னதையே சொன்னேன். சுவிட்சு போட்டதற்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை, நான் பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் மாட்டியதுதான் காரணம், அதை மறைக்கக் கரண்ட் கதை சொன்னேன் என்றேன். பணத்தை அனுப்பிவைப்பதாகவும் சொன்னேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நெசமாவே நான் இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"இங்கயும் கரண்ட் போய்ட்டு வந்தா நான் பத்து நிமிசம் கழிச்சுத்தாண்ணே போடுவேன். ஆளுக நின்னு கத்துவாங்க. இருந்தாலும் போட மாட்டேன்." அப்புறம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறேண்ணே, டோக்கன் நிக்கிது" என்று வைத்துவிட்டாள்.